கடையில் கிடைக்காத ரவை

பண்ணையைப் பார்க்கிற கேரல் தன் சின்ன வண்டியை என் கால்மாட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் புல்லில் குப்புறப் படுத்திருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டதுமே துவக்கைத் திறந்து ரவையை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். குழல் இன்னும் சூடாக இருந்தது. வெடிமருந்து மணமும் வெட்டிய புல்லின் மணமும் ஒன்றாக மூக்கில் நின்றன.

மற்றச் சனிக்கிழமைகளில் கேரல் இறங்கி வருவார். எத்தனை விழுந்தது என்று கேட்பார். விரலைக் காட்டுவேன். சிரிப்பார். அன்றைக்கு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார்.

புது வீடுகளில் இருந்து ஒரு பெண் வேலிக்கு வந்து கத்தியதாகச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி தனக்கு விளங்கவில்லையாம். துவக்குச் சத்தம் பற்றித்தான் என்று மட்டும் விளங்கியதாம். இன்னொரு முறைப்பாடு வந்தால் பண்ணைப் படலையின் திறப்பை, அந்தச் சாவியை, என்னிடம் இருந்து திருப்பி வாங்க வேண்டிவரும் என்றார்.

மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு அவ்வளவு நோகாது.

படலைத் திறப்பு

அந்தப் பண்ணை ரொறன்ரோவில் இருந்து வடக்கே ஒரு மணித்தியால ஓட்டம். போர்ட் பெரி பக்கம். நகரத்து ஆட்கள் தங்கள் குதிரைகளை அங்கே விட்டு வளர்க்கிறார்கள். கேரல் பார்த்துக்கொள்கிறார். புருசன் இல்லை. தனி ஆள்.

நான் அங்கே முதலில் போனது சுடுவதற்கு அல்ல, சாணம் எடுக்க. ஸ்காபரோவில் என் வீட்டுப் பின்வளவில் கத்தரியும் பயற்றையும் போடுகிறேன். குதிரைச் சாணத்தைப் போல ஒரு பசளை இல்லை. வாளியும் சவளுமாகப் போனேன்.

போன இடத்தில் கேரல் ஒரு குழிக்குப் பக்கத்தில் நின்றார். கிறவுண்ட்ஹொக் தோண்டிய குழி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முயலை விடப் பெரிய பிராணி. மண்ணிறம். கீரியைப் போல நிமிர்ந்து நின்று பார்க்கும். வயல் முழுக்க வளை தோண்டும். அதற்குள் ஒரு குதிரை கால் வைத்துவிட்டது. கால் முறிந்த குதிரைக்குப் பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

அப்போது என் கையில் புதுசாக எடுத்த துவக்கு லைசென்சும் வேட்டை லைசென்சும் இருந்தன. அவற்றைச் சுட்டுத் தரட்டுமா என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் கேட்டேன். ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் சம்மதித்தார். எனக்கு முன்னால் வேறு இரண்டு பேர் வந்து சுட்டார்களாம். பியர் ரின்களையும் காயப்பட்ட ஒரு பிராணியையும் விட்டுவிட்டுப் போனார்களாம். அவர்களை நிறுத்திவிட்டார்.

நான் சுட்ட வெறும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கினேன். செத்ததைக் குழி வெட்டித் தாட்டேன். ஆளில்லாத வளைகளை மண் போட்டு மூடி மிதித்தேன். அடுத்த கிழமையும் வரச் சொன்னார். அடுத்த வருசம் ஒருநாள், சாணம் ஏற்றிக்கொண்டிருக்கையில், படலைத் திறப்பை எடுத்து என் வான் வண்டியின் முன் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த நாட்டில் முப்பது வருசத்துக்கு மேல் இருக்கிறேன். வீட்டுத் திறப்பு, கார்த் திறப்பு, வேலைத்தலத்துத் திறப்பு எல்லாம் காசு கட்டியோ கையெழுத்து வைத்தோ வந்தவை. இந்த ஒரு திறப்புத்தான் நான் கேட்காமல் வந்தது. அதை இழக்க எனக்கு மனமில்லை. அவ்வளவுதான் விசயம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரை வாசிக்கிறவர்கள் என்னைக் கடையில் கண்டால் மெதுவாகக் கேட்கிறார்கள், இயக்கத்தில் இருந்தனீங்களோ என்று. இல்லை. மன்னாரில் நான் பிடித்தது வலை. துவக்கை முதலில் தொட்டது ஸ்காபரோவில், ஒரு லைசென்ஸ் வகுப்பில். படிப்பித்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். குழலை ஆள் பக்கம் திருப்பினதற்கு எனக்கு நல்ல ஏச்சும் விழுந்தது.

வாசலில் செருப்புகள்

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்த கையோடு கேரல் சொன்ன அந்தப் புது வீட்டுக்குப் போனேன். வெள்ளைக்காரர் வீடு என்றுதான் நினைத்தேன். காரில் இங்கிலிஸ் வசனங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஐ ஆம் வெரி சொரி மேடம். ஐ வில் பி கெயார்புல் மேடம்.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கதவுக்குப் பக்கத்தில், வெயில் படுகிற இடத்தில், ஒரு சாடியில் கறிவேப்பிலை. பாடமாக்கிய இங்கிலிஸ் எல்லாம் வீண்.

கதவைத் திறந்தவருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். மெலிந்த ஆள். ஒரு மணிக்கட்டில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"ஆரைத் தேடுறியள்?"

"அக்கா, அந்தக் குதிரைப் பண்ணையில வெடி வைக்கிறது நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் தமிழோ?"

"ஓம்."

"பிறகென்ன விசர் வேலை உது?"

ஆனாலும் உள்ளே கூப்பிட்டார். தேத்தண்ணி போட்டார். பெயர் தவமணி. வன்னியில் கடைசி வரைக்கும் இருந்தவர். மகனும் மருமகளும் மார்க்கம் நகரத்தில் வேலை. அங்கே வீட்டு விலை கட்டுபடியாகாமல் இவ்வளவு தூரம் வந்து வாங்கினார்களாம். பகல் முழுக்க இவர் தனிய.

நான் பேச வாயெடுக்க முதல் அவரே சொன்னார்.

"அது எம் சிக்ஸ்ரீன்."

இல்லை அக்கா, இது வேட்டைத் துவக்கு, ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டும் என்று விளக்கினேன்.

"துவக்கை நான் காணேல்லை. சத்தத்தைச் சொல்லுறன்," என்றார். "ஏகே எண்டால் கொஞ்சம் மொத்தமாய் வரும். பிப்ரி கலிபர் நெஞ்சுக்குள்ள வரும். உது இஞ்ச வரும்." காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அவர் சொன்னது சரி. என்னிடம் இருந்தது .223 என்ற அளவு ரவை. ஆமிக்காரன் எம் சிக்ஸ்ரீனில் போடும் ரவையும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கும்போது எனக்கு இது தோன்றவே இல்லை. எல்லாக் கடையிலும் கிடைக்கும், மலிவு என்றார்கள். வாங்கினேன். சுடுகிறவன் காதை மூடிக்கொண்டு சுடுகிறான். சத்தம் என்ன சத்தம் என்று அவனுக்கு எங்கே தெரியும்.

தவமணி அக்கா மணிக்கட்டுத் துணியைப் பார்த்தபடி சொன்னார். "போன கிழமை கஞ்சி வடிச்சுக்கொண்டு நிண்டனான். சத்தம் கேட்டுது. அப்பிடியே நிலத்தில இருந்திட்டன். சட்டியும் கையில. எனக்குத் தெரியும் இது கனடா எண்டு. காலுக்குத் தெரியேல்லை."

அழவில்லை. விலைவாசி சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

இனிச் சுடமாட்டேன் என்று சொல்லத்தான் எழும்பினேன். அவர் என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனார். புதுசாக நட்ட கத்தரிக் கன்றுகள். எல்லாம் குருத்தோடு கடிபட்டு நின்றன. பயற்றங்கொடிக்கு நட்ட தடிகள் மட்டும் மிஞ்சியிருந்தன.

"உதை என்ன தின்னுது எண்டு தெரியுமோ உமக்கு?"

"கிறவுண்ட்ஹொக், அக்கா."

"அதையே நீர் சுடுறது?"

"ஓம்."

கொஞ்ச நேரம் கன்றுகளைப் பார்த்தார்.

"அப்ப சுடத்தான் வேணும்."

சத்தமில்லாமல் சுட வழியில்லை, சத்தத்தை அமத்துகிற குழாய் இந்த நாட்டில் சட்டவிரோதம் என்று சொன்னேன்.

"சத்தம் போடவேண்டாமெண்டு ஆர் சொன்னது? உந்தச் சத்தம் வேண்டாம் எண்டுதான் சொல்லுறன்."

நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது அந்த ஒரு வசனம்தான் மண்டைக்குள் ஓடியது. சத்தம் இருக்கலாம். அந்தச் சத்தமாக இருக்கக் கூடாது. அப்படியென்றால் வன்னியிலும் மன்னாரிலும் ஒருவரும் ஒருநாளும் கேட்டிராத ரவை வேண்டும்.

விட்டவையும் எடுத்ததும்

ரவை என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பித்தளைக் கோது. அதற்குள் மருந்து. கோதின் வாயில் சன்னம். மருந்து எரிந்து சன்னத்தைத் தள்ளுகிறது. மருந்து கூடினால் சத்தம் கூடும். சன்னம் ஒலியை விட வேகமாகப் போனால் சவுக்கு அடித்த மாதிரி ஒரு வெடிப்பும் சேரும். அந்த வெடிப்பை அழிக்க முடியாது. மருந்தைக் குறைக்கலாம்.

ஆனால் குறைத்துக்கொண்டே போனால் பிராணி சாகாது. காயத்தோடு வளைக்குள் போய் மூன்று நாள் கிடந்து சாகும். அதைச் செய்ய நான் தயாரில்லை. அப்படி என்றால் சுடாமல் விடலாம்.

முதலில் நினைத்தது சாதாரண .22 சின்ன ரவை. சத்தம் குறைவு. ஆனால் நூறு மீற்றருக்கு அப்பால் அதற்கு வலுவில்லை. ஈயச் சன்னம் கல்லில் பட்டால் உடையாமல் தெறித்து எங்கேயோ போகும். குதிரைகள் நிற்கிற பண்ணையில் அது கூடாது. விட்டேன்.

அடுத்தது .17. சன்னம் ஒரு நெல்மணி அளவு. வேகம் பயங்கரம். பட்ட இடத்திலேயே தூளாகும். தெறிக்காது. ஆனால் அந்தப் பக்கம் ஏரிக் காற்று நிற்பதில்லை. நெல்மணியைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். குழலிலும் அழுக்குச் சீக்கிரம் பிடிக்கும். அதைத் துடைக்கிற கம்பி ஈர்க்கு மாதிரி இருக்கும். என் விரல்களுக்கு அது சரிவராது. விட்டேன்.

.22 ஹோர்னெற் என்று ஒரு பழைய ரவை இருக்கிறது. சின்னக் கோது. என் .223 இல் போடுகிற மருந்தில் ஏறத்தாழ அரைவாசிதான் பிடிக்கும். சத்தமும் அடக்கம். ஆனால் சன்னம் மெதுவாகப் போய்ச் சீக்கிரம் விழுந்துவிடும். தூரத்தைக் கொஞ்சம் பிழையாக மதித்தால் காயம்தான்.

அந்தக் கோது பிடித்தது. அந்தச் சன்னம் பிடிக்கவில்லை.

ஒரு மத்தியானம் வேலைத்தலத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில்தான் வழி தெரிந்தது. கோதை ஹோர்னெற்றில் எடு. அதன் வாயை ஒடுக்கு. .20 சன்னத்தை வை. அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. .17 ஐ விடப் பாரம், காற்றுக்கு ஓரளவு நிற்கும். .22 ஐ விட மெல்லிசு, நேராகப் போகும். பட்டால் தூளாகும். மருந்து அரைவாசி.

இப்படி ஒரு கம்பனியும் பெட்டியில் போட்டு விற்பதில்லை. இந்த மாதிரி ரவைகளை இங்கே வைல்ட்கற் என்பார்கள். காட்டுப்பூனை. வீட்டில் வளராத சாதி. வேண்டியவன் தானே செய்துகொள்ள வேண்டும். இதே யோசனை எனக்கு முதல் வேறு ஆட்களுக்கும் வந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அதனால் என்ன. எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

துவக்கு திருத்துகிற யான் என்ற ஒல்லாந்துக்காரரிடம் போனேன். புதுக் குழல் கடைந்து பூட்ட வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். இதற்குக் கிட்டக்கிட்டக் கடையில் இரண்டு மூன்று வகை விற்கிறதே, உனக்கு வீட்டில் பிரச்சினை போதாதா என்று கேட்டார். ஒரு அன்ரிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை என்றேன். அவர் வாழ்நாளில் எத்தனையோ காரணம் கேட்டிருப்பார். இதைக் கேட்டிருக்கமாட்டார். ஆனால் செய்து தந்தார்.

நசுங்கிய கோதுகள்

என் தொழில் அச்சுக் கடைவது. போத்தல் மூடிகளுக்கான இரும்பு அச்சு. நீங்கள் குளிர்பானப் போத்தலைத் திறக்கும்போது மூடி சுகமாகத் திரும்பினால் அதில் என் கையும் இருக்கலாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடைசல் மெசின் எனக்கு வசப்பட்டது.

கோதின் வாயை ஒடுக்க ஒரு அச்சு வேண்டும். மேற்பார்வையாளரிடம் கேட்டேன். வேலை முடிந்த பிறகு மெசினைப் பாவிக்க விட்டார். நல்ல உருக்கில் கடைந்து, உள்ளுக்குக் கண்ணாடி மாதிரி மினுக்கி எடுத்தேன்.

முதல் கோதை வைத்து அமத்தினேன். கழுத்து மடிந்து நசுங்கியது. இரண்டாவதும் நசுங்கியது. ஹோர்னெற் கோது கடதாசி மாதிரி மெல்லிசு. பிழையாக அமத்தினால் மன்னிக்காது. அந்தக் கிழமை முழுக்க நசுங்கின கோதுகள் ஒரு பால்மா ரின்னில் சேர்ந்துகொண்டே போயின. பிலோ, என் மனிசி, அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். "நத்தார் மரத்துக்குத் தோரணம் கட்டலாம்," என்றாள்.

கையில்தான் பிழை என்று நினைத்தேன். கையில் இல்லை, அவசரத்தில். ஒரே அமத்தில் .22 ஐ .20 ஆக்கப் பார்த்தேன். மூடி அச்சில் அப்படிச் செய்யவே மாட்டேன். அங்கே படிபடியாகத்தான் இறக்குவோம். ஆகவே இடையில் இன்னொரு அச்சுக் கடைந்தேன். முதலில் பாதி ஒடுக்கம். பிறகு மீதி. கோது வழுக்கப் பூசுகிற மெழுகையும் குறைத்தேன். கூடப் பூசினால் அது போக இடமில்லாமல் கோதின் தோளில் குழி விழுத்துகிறது. விரல்நுனியில் தொட்டும் தொடாத அளவு போதும்.

அடுத்த கோது முழுசாக வந்தது. சின்னது. மஞ்சள் மினுக்கம். நிமிர்த்தி மேசையில் வைத்தேன். பிலோவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உதுக்கோ இவ்வளவு பாடு?" என்றாள். ஆனால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரும்ப வைக்கும்போது மெதுவாக வைத்தாள்.

சொல்ல வெட்கமில்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் மூத்தவள் யூனிவர்சிற்றி முடித்த அன்று இருந்த மாதிரி என்று எழுதினால் அவள் கோவிப்பாள். அதற்கு அடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிலோவின் காது

ரவை ஆயத்தம். சத்தம் எப்படி என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் காதை மூடிக்கொண்டு சுடுகிறவன். யானின் காது ஒல்லாந்துக் காது. அதற்கு ஒன்றும் தெரியாது.

பிலோ மன்னாரில் இருபத்திநாலு வயது வரை இருந்தவள். துவக்கென்றால் அவளுக்குப் பிடிக்காது. வீட்டில் அதைப் பூட்டி வைக்கிற பெட்டி இருக்கிற அறைக்குள் வரமாட்டாள். தவமணி அக்காவின் கையைப் பற்றிச் சொன்ன பிறகுதான் வரச் சம்மதித்தாள். ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி. ஒரு கம்பளி. சுடுகிற மைதானத்தில் கார் நிறுத்துகிற இடத்தின் கடைசி மூலையில், கண்ணாடியை இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்தாள்.

மூன்று வகை மருந்து கொண்டுபோயிருந்தேன். ஒன்று கெதியாக எரிவது. ஒன்று நடுத்தரம். ஒன்று ஆறுதலாக எரிவது. ஒவ்வொன்றிலும் ஐந்து வெடி. இடையில் நேரம் விட்டேன்.

முதலாவது கடதாசியில் அங்குமிங்கும் போனது. இரண்டாவது ஒரு ரூபாய்க் காசுக் குற்றிக்குள் அடங்கியது. மூன்றாவது ஐந்தும் ஒரே துளைக்குள் போனது. அப்படி நான் என் வாழ்நாளில் சுட்டதில்லை. கடதாசியைச் சுருட்டிக்கொண்டு காருக்குப் போனேன்.

பிலோ பிளாஸ்க் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூண்டாவது வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்."

"அதுதான் ஒரே துளையில போனது."

"துளையைப் பற்றி நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை. சத்தத்தைத்தானே கேட்டனீங்கள்."

அவள் எதை நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் நானும் அவளும் ஒருவரையொருவர் கேட்காத சில விசயங்கள் இருக்கின்றன. கேட்காமல் விட்டதால்தான் சில நாட்கள் நல்லபடி போயிருக்கின்றன.

"இரண்டாவது?"

கொஞ்சம் யோசித்தாள். "உது ஒண்டையும் ஞாபகப்படுத்தேல்லை."

இரண்டாவதை எடுத்தேன். துளை கொஞ்சம் பரந்தது. அப்படியென்றால் கிட்டப் போய்ச் சுட வேண்டும். போனேன். அந்தக் கோடை முழுக்க முழங்கையால் ஊர்ந்தேன். சேட்டின் முழங்கைகள் இரண்டும் பிய்ந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம்

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கேரலிடம் முதலே சொல்லியிருந்தேன். புதுத் துவக்கை அந்த அக்கா கேட்டுப் பார்க்கட்டும், அவர் வேண்டாம் என்றால் திறப்பை நானே தந்துவிடுகிறேன் என்று. கேரல் தானும் வந்து நிற்பதாகச் சொன்னார். பிலோ தவமணி அக்காவின் பின்வளவுக்குப் போனாள், ஒரு துணைக்கு.

எப்போது சுடுவேன் என்று சொல்லமாட்டேன் என்று பேசி வைத்திருந்தோம். சொல்லிவிட்டுச் சுட்டால் அது சோதனை இல்லை.

இரண்டு மேட்டுக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன். முதுகு வீடுகளுக்கு. முன்னால் ஒரு மண்மேடு. அதற்குக் கீழே வளை. வெயில் கழுத்தைச் சுட்டது. ஒரு எறும்பு மணிக்கட்டில் ஏறி இறங்கியது. கிறவுண்ட்ஹொக் தலையை நீட்டியது. உள்ளே போனது. திரும்ப வந்து நிமிர்ந்து நின்றது.

சுட்டேன். நின்ற இடத்திலேயே விழுந்தது. அசையவில்லை.

அக்காவுக்குத் தாங்காவிட்டால் பிலோ அடிக்கிறதாகச் சொன்ன போன் சேட்டுப் பையில் இருந்தது. அது அடிக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அப்படியே கிடந்தேன். கன நேரம் கழித்து அதே மண்மேட்டின் ஓரத்தில் இன்னொன்று வந்தது. அதையும் சுட்டேன். அதுவும் விழுந்தது.

போன் அடிக்கவே இல்லை.

துவக்கை வெறுமையாக்கிப் பூட்டி வான் வண்டியில் வைத்துவிட்டு வேலிக்கு நடந்தேன். இரண்டாவது மேட்டில் ஏறினதும் மூன்று பேரும் தெரிந்தார்கள். கேரல் வேலிக் கட்டையில் சாய்ந்து நின்றார். பிலோ கை கட்டி நின்றாள். தவமணி அக்கா கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றார்.

நின்றார். நிலத்தில் இருக்கவில்லை.

கிட்டப் போனேன். தவமணி அக்காதான் தொடங்கினார்.

"இரண்டு தரம் வைச்சீர்."

"ஓம் அக்கா."

"கேட்டது. முதலாவதுக்குத் திடுக்கிட்டனான். பொய் சொல்லேல்லை." மண்வெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். "ஆனா உது என்ன எண்டு எனக்குத் தெரியேல்லை. தெரியாத சத்தம்."

"தெரியாதெண்டால்?"

"தெரியாதெண்டால் பறவாயில்லை."

கேரல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். தவமணி அக்கா அவர் பக்கம் திரும்பி, இங்கிலிசில், "கன் ஓகே," என்றார். பிறகு அது போதாது என்று நினைத்தோ என்னவோ, "மேன் ஓல்சோ ஓகே," என்றார். கேரல் வேலிக்கு மேலால் கையை நீட்டினார். நான் கையைத் துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

திறப்பைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

தவமணி அக்கா அதோடு விடவில்லை. தன் வேலி மூலையில் ஒன்று பழகிப்போய் நிற்கிறது, அதையும் சுடு என்றார். வீடுகள் இருக்கிற பக்கம் சுடமாட்டேன், அது சட்டமும் இல்லை, புத்தியும் இல்லை என்றேன்.

"அப்ப இவ்வளவு பாடுபட்டு என்ன துவக்கு செய்தனீர்?"

பிலோ சிரித்தாள். துவக்குச் சம்பந்தமாக அவள் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தரம். அந்த ஒன்றுக்கு நான் கூடு வைத்துப் பிடித்துக் கொடுத்தேன். அது வேறு கதை. நேரம் எடுத்த கதை.

யான் பிறகு கேட்டார், குழலில் ரவையின் பெயரைப் பொறிக்க வேண்டும், என்ன பெயர் என்று. இந்த மாதிரி ரவை செய்கிறவர்கள் தங்கள் பெயரை வைப்பார்களாம். நான் அளவை மட்டும் பொறிக்கச் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் தன் மேசையில் என் ரவை ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறாராம். நானும் ஒருநாள் மற்றவர்களோடு நின்று பார்த்தேன். என்னுடையது என்று சொல்லவில்லை. அவர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் ஒழுங்காகப் போயின. காலையில் படலையைத் திறப்பேன். கொஞ்சம் சாணமும் எடுப்பேன். திரும்பும்போது தவமணி அக்கா வேலியில் ஒரு பையைக் கொழுவி வைத்திருப்பார். சில நாள் கத்தரிக்காய். சில நாள் பயற்றங்காய். கன்றுகள் திரும்பத் தளிர்த்துவிட்டன.

கோடை முடிகிற நேரம் ஒரு சனிக்கிழமை நான் போகவில்லை. பிக்கரிங்கில் பிலோவின் தங்கையின் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாட்டுக்கு இருந்தோம். பான்ட் வாத்தியம் காதைப் பிளந்தது. போன் அடித்தது. வெளியே போய் எடுத்தேன். தவமணி அக்கா.

"எங்க நிக்கிறீர்?"

"ஒரு ஞானஸ்நானம் அக்கா. என்ன விசயம்?"

"ஒண்டுமில்லை. இண்டைக்குச் சத்தத்தைக் காணேல்லை. அதுதான் எடுத்தனான்."

கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாற கிழமை வருவன் அக்கா."

"சரி. போய்ச் சாப்பிடும்." வைத்துவிட்டார்.

உள்ளே வந்து இருந்தேன். ஆர் என்று பிலோ கேட்டாள். தவமணி அக்கா என்றேன். பிறகும் வருத்தமோ என்றாள்.

"இல்லை. சத்தம் கேக்கேல்லையாம். தேடுறா."

பிலோ என்னைப் பார்த்தாள். பிறகு தன் தட்டில் இருந்த பெரிய றோல்சை எடுத்து என் தட்டில் வைத்தாள்.